கஸ்டமர் இருக்கும்போது

சில்வண்டு என்று பேர் வைத்தது அவளுடைய அத்தை. பிறப்புச் சான்றிதழில் வேறு பேர் இருந்தது. அது சான்றிதழோடு சேர்ந்து அலமாரியில் பத்திரமாக இருந்தது. காலையில் கண் திறக்கும்போது ஆரம்பிக்கிற பேச்சு, ராத்திரி தலையணையில் வாய் பாதி திறந்தபடி நிற்கும்வரை ஓயாது. குளிக்கும்போது பேசுவாள், சாப்பிடும்போது பேசுவாள். ஆள் யாரும் கிடைக்காவிட்டால் செருப்பைக் கூப்பிட்டு வைத்துப் பேசுவாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு அவளுக்கு ஐந்து வயது முடிந்து பதினோரு நாள் ஆகியிருக்கும். அந்தப் பதினோரு நாள்தான் வம்பு. ஐந்து முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளைகளை அந்தப் பள்ளிக்கூடம் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொள்ளாது. தாயோ தகப்பனோ கூட்டிக்கொண்டு வரவேண்டும். அதற்கென்று இருக்கிற டீச்சர் ஒருவர் பிள்ளையை உட்காரவைத்துப் பார்ப்பார். தயார் என்றால் இந்த வருஷம், இல்லையென்றால் அடுத்த வருஷம். இது இன்டர்வியூ இல்லை, சும்மா ஒரு சந்திப்புதான் என்று அலுவலகத்திலிருந்து பேசியவர் போனில் மூன்று தரம் சொன்னார். மூன்று தரம் சொன்னதால்தான் அம்மா அதை நம்பவில்லை.

அடுத்த வருஷம் என்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவள் வைத்திருந்தது ஒரு லாண்டரி. முன்னால் கவுண்டர், அதற்குப் பின்னால் இரண்டு வாஷிங் மெஷின், அதற்கும் பின்னால் இஸ்திரி மேஜை, மேஜைக்கு மேலே கம்பியில் தொங்கும் சட்டைகள், கோட்டுகள். ஆள் நடக்க மிச்சம் இருந்தது இரண்டடி அகலம். அந்த இரண்டடியில்தான் சில்வண்டும் வளர்ந்துகொண்டிருந்தாள். அப்பா வெளியூர் பஸ் ஓட்டுகிறவர். நாலு நாள் ரோட்டில், மூன்று நாள் வீட்டில். பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மாள் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டபிறகு, காலையிலிருந்து சாயங்காலம்வரை சில்வண்டு இஸ்திரி மேஜைக்கு அடியில்தான். போன மாதம் இஸ்திரிப் பெட்டி அவள் மணிக்கட்டுக்கு மேலே ஒரு கோடு இழுத்துவிட்டது. புண் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் பளபளவென்று இருந்தது. இன்னொரு வருஷம் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இவளை வைத்துக்கொள்ள அம்மா தயாராக இல்லை.

நாத்தனாருக்கு இதில் சம்மதம் இல்லை. பிள்ளை பென்சிலைவிடக் கொஞ்சம்தான் உயரம், அதைப் போய் அவ்வளவு பெரிய கட்டடத்துக்குள் விடுவதா என்று கேட்டாள். அவளையே ஒரு வருஷம் முன்னதாகச் சேர்த்துவிட்டார்களாம். கடைசி வகுப்புவரை எல்லாரும் அவள் தலையில் கையை ஊன்றிக்கொண்டுதான் நின்றார்களாம். இருந்தாலும் அண்ணிக்காக ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலம் வந்து டீச்சர் வேஷம் போட்டாள். நிறம் கேட்டாள், எண்ணச் சொன்னாள், ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னாள். சில்வண்டு எல்லாவற்றையும் செய்துவிட்டு, ஏன் பத்துவரைக்கும் மட்டும் எண்ணச் சொல்கிறீர்கள், அதற்குமேல் உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள்.

“இவளுக்கு இன்டர்வியூ வேண்டாம் அண்ணி,” என்றாள் நாத்தனார். “அந்த டீச்சருக்குத்தான் வேணும்.”

கடையின் சட்டம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். கஸ்டமர் கவுண்டருக்கு வந்துவிட்டால் சில்வண்டு தன் முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருக்கவேண்டும். இந்தச் சட்டம் வந்தது ஒரு சட்டையால். அம்மா ஒரு நாள் ஏதோ நினைப்பில் பெட்டியை அழுத்திவிட, காலரின் உள்பக்கம் பிஸ்கட் நிறத்தில் ஒரு கறை. வெளியே தெரியாதபடி மடித்து, அட்டை வைத்து, கவருக்குள் போட்டுவிட்டாள். சட்டைக்காரர் வந்து கவரைக் கையில் வாங்கினதும் மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. மாமா, காலரைப் பிரிச்சுப் பாக்காதீங்க, அம்மா கஷ்டப்பட்டு மடிச்சிருக்காங்க என்று. அந்த மனிதர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. அன்று சாயங்காலமே சட்டம் அமலுக்கு வந்தது.

அதற்கு ஒரு கிளைச் சட்டமும் உண்டு. வருகிறவர்கள் சும்மா இருப்பதில்லை. பாப்பா பேர் என்ன என்பார்கள். அம்மாவும் மரியாதைக்கு, சொல்லும்மா, கேக்கறாங்கல்ல என்பாள். அது கஸ்டமருக்காகச் சொல்வது. பிள்ளை அதை நம்பி வாயைத் திறந்துவிடக் கூடாது. சிரிக்கலாம், அவ்வளவுதான். இதை அம்மா தெளிவாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பேரில் ஆரம்பிக்கிற பேச்சு எங்கே போய் முடியும் என்று யாருக்குத் தெரியும்?

சந்திப்பு நாளன்று நாத்தனார் லீவு போட்டுவிட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டாள். பிள்ளையும் அம்மாவும் நடந்தே போனார்கள். சில்வண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள்: போஸ்ட் கம்பத்துக்கு ஏன் நம்பர், அந்த நாய்க்கு ஏன் வால் கோணல், டீச்சருக்குக் குழந்தை இருக்கா, இருந்தால் அதுக்கு யார் இன்டர்வியூ வைப்பார்கள். இதே வேகத்தில் உள்ளே போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. பள்ளிக்கூட கேட் தெரிந்ததும் நின்றாள்.

“இங்க பாரு. நாம பாக்கப்போற டீச்சர், கஸ்டமர் மாதிரி. கடையில கஸ்டமர் வந்தா எப்படி இருப்பே, அப்படி இருக்கணும். சரியா?”

“பெரிய கஸ்டமரா?”

“இருக்கறதுலயே பெரிய கஸ்டமர்.”

சில்வண்டு அந்த நிமிஷமே வாயை மூடிக்கொண்டாள். அம்மா நிம்மதியாக கேட்டைத் திறந்தாள்.

டீச்சர் ஐம்பது வயதைத் தொட்டவர். குட்டி மேஜை, குட்டி நாற்காலிகள். அவரும் குட்டி நாற்காலியில்தான் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தாள். தாளில் பன்னிரண்டு கட்டம். இதில் மார்க் கிடையாது, பயப்படாதீங்க என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டு, சில்வண்டு பக்கம் திரும்பிப் பேர் கேட்டார்.

சில்வண்டு கையை மடியில் வைத்துக்கொண்டு அழகாகச் சிரித்தாள்.

நாயின் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். சிரிப்பு. சிவப்பு எது, பெரியது எது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள். சிரிப்பு. கைக்குள் ஒரு முயல் பொம்மையை மாட்டிக்கொண்டு முயல் கேட்பதுபோல் கேட்டார். முயலுக்கும் அதே சிரிப்புதான் கிடைத்தது. அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். சொல்லும்மா, கேக்கறாங்கல்ல என்றாள். பிள்ளை அவளை ஒரு பார்வை பார்த்தது. எனக்குத் தெரியும், கவலைப்படாதே என்கிற பார்வை. அம்மாவுக்கு அது அப்போது புரியவில்லை.

வாயைத் திறக்கத் தேவையில்லாத வேலையெல்லாம் செய்தாள். கத்தரிக்கோலால் தாளில் போட்டிருந்த கோட்டின்மேல் பிசகாமல் வெட்டினாள். பழைய கோட்டு ஒன்றைக் கொடுத்தபோது ஆறு பொத்தானையும் போட்டு, கேட்காமலே காலரை நீவி, அதன் இரண்டு கையையும் பின்னால் மடித்து, தூசி தட்டி மேஜையில் வைத்தாள். டீச்சர் கோட்டையும் பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்தார். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னபோது மட்டும் அசையவில்லை. கஸ்டமர் முன்னால் குதிப்பதாவது.

வீட்டில் பேசுவாளா என்று டீச்சர் கேட்டார். வாய் மூடவே மூடாது என்றாள் அம்மா. டீச்சர் தலையாட்டிக்கொண்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த எல்லாத் தாயும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்போல. அம்மாவுக்கே தன் குரல் பொய் சொல்கிற குரலாகக் கேட்டது. டீச்சர் தாளில் எதையோ சின்ன எழுத்தில் எழுதினார். அவசரம் ஒன்றும் இல்லை, சில பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் கூடக் கிடைப்பது நல்லதுதான் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, இன்னொரு படப் புத்தகம் எடுத்துவருவதாகச் சொல்லி எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்.

கதவு ஒருக்களித்து நின்றது.

“போயாச்சாம்மா?” என்றாள் சில்வண்டு. “இவங்க துணியே கொண்டுவரலியே. அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம்?”

அம்மாவுக்கு மண்டையில் யாரோ குட்டியதுபோல் இருந்தது. பிள்ளை மேலே பேசிக்கொண்டே போனாள். அது நாய் இல்லை, நாய்க்குட்டி, கழுத்தில் பட்டை புதுசு, சிவப்பு. முயலுக்கு ஒரு காது தையல் விட்டிருக்கிறது. அந்தக் கோட்டை வெந்நீரில் போட்டிருக்கிறார்கள், சுருங்கிவிட்டது, நாமாக இருந்தால் போட்டிருக்க மாட்டோம். குதிக்கச் சொன்னார்களே, நான் குதிக்கவில்லை பார்த்தாயா.

டீச்சர் புத்தகத்தோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் பேச்சு குழாயை மூடினதுபோல் நின்றது.

அம்மா எழுந்து நின்றாள். அவளுக்கு அப்போது வேறு வழி இல்லை. சட்டத்தைச் சொன்னாள், கிளைச் சட்டத்தைச் சொன்னாள், கேட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். ஏன் அப்படி ஒரு சட்டம் என்று டீச்சர் கேட்டார். காலர் கறையையும் சொல்லவேண்டி வந்தது. முன்பின் தெரியாத ஒருவரிடம், அதுவும் பள்ளிக்கூடத்தில், கருகின சட்டையை மடித்துக் கொடுத்த கதையைச் சொல்லும்போது அவள் காது மடல் சுட்டது. டீச்சர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவதற்காக மேஜையிலிருந்த பென்சில்களை ஒழுங்குபடுத்தினார்.

“அப்ப நான் கஸ்டமர் இல்லைன்னு நீங்கதான் அவகிட்ட சொல்லணும்,” என்றார். “நான் சொன்னா நம்பமாட்டா.”

அம்மா பிள்ளைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். டீச்சர் கஸ்டமர் இல்லை, அம்மா தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றாள். சில்வண்டு யோசித்தாள். இது கஸ்டமருக்காகச் சொல்கிறதா, எனக்காகச் சொல்கிறதா என்று காதோடு கேட்டாள். உனக்காகத்தான். அப்புறம் திட்டக் கூடாது. திட்டமாட்டேன்.

அதன்பிறகு அரை மணி நேரம் டீச்சருக்குத் தாளைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. கேட்டதற்குப் பதில் வந்தது, கேட்காததற்கும் வந்தது. குதித்தாள், அறையை ஒரு சுற்றுச் சுற்றியே குதித்துவந்தாள். கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. வரைவதற்காகச் சட்டைக் கையைச் சில்வண்டு மேலே தள்ளிக்கொண்டபோது, தழும்பு தெரிந்தது. டீச்சர் இது என்ன என்று சாதாரணமாகக் கேட்டார்.

“இஸ்திரிப் பெட்டி சுட்டிடுச்சு.”

“அழுதியா?”

“அப்புறமா அழுதேன். அப்ப கஸ்டமர் இருந்தாங்க.”

“எவ்வளவு நேரம் இருந்தாங்க?”

சில்வண்டு விரலை விட்டு எண்ணினாள். “ஆறு சட்டை எண்ணினாங்க. நாலு பேன்ட். அப்புறம் போர்வை ரெண்டு. ஒரு போர்வையில கிழிசல் இருக்குன்னாங்க, அம்மா இல்லைன்னாங்க. அப்புறம் போயிட்டாங்க. அப்புறம் அழுதேன்.”

அம்மாவுக்கு அந்தப் போர்வை ஞாபகம் இருந்தது. கிழிசல் பேச்சு எவ்வளவு நேரம் இழுத்தது என்பதும் ஞாபகம் இருந்தது. கஸ்டமர் படி இறங்கினதும் பின்னால் அழுகை கேட்டது, ஓடிப்போனாள், இப்போதுதான் சுட்டது என்று நினைத்துக் கையைத் தண்ணீரில் பிடித்தாள். இத்தனை நாளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அந்த அழுகை கால் மணி நேரம் முக்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்துவிட்டு வந்தது என்று அவளுக்குத் தெரியாது. தன் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். தாளைத் திருப்பி அம்மாவிடம் காட்டினார். பதினோரு கட்டம் நிரம்பியிருந்தது. பன்னிரண்டாவது காலியாக இருந்தது: வலித்தால், ஏதாவது வேண்டுமென்றால், பெரியவர்களிடம் கேட்பாள்.

“மத்ததெல்லாம் இல்லாட்டிகூட நாங்க சொல்லிக்கொடுத்துக்குவோம்,” என்றார். “இது இல்லாம சேத்துக்க எனக்குப் பயமா இருக்கு. வகுப்புல டீச்சர் எப்பவும் யார்கூடயாவது பேசிக்கிட்டேதான் இருப்பாங்க. இவ காத்துக்கிட்டே இருப்பா.”

அம்மா தலையாட்டினாள். டீச்சர் முடிவை எழுதவில்லை. பள்ளி திறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, பத்து நாள் கழித்து இன்னொரு தரம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

சட்டம் போடுவது ஒரு நாள் வேலை. எடுப்பது அப்படி இல்லை. இனிமேல் கஸ்டமர் இருந்தாலும் கூப்பிடலாம் என்று அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். சில்வண்டு சரி என்றாள். மறுநாள் முதல் கஸ்டமர் வந்ததும் முக்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் கஸ்டமர் வேஷம் போட்டு, மூட்டையோடு வாசல் வழியாக வந்து, விறைப்பாக நின்று பார்த்தாள். அவள் எதிரில் மட்டும் சில்வண்டு தாராளமாக வாயைத் திறந்தாள். அத்தை கஸ்டமர் இல்லை என்பதால். இவ்வளவு கீழ்ப்படிகிற பிள்ளையை எங்கள் வம்சத்தில் பார்த்ததில்லை, எல்லாம் உங்கள் வளர்ப்பு அண்ணி என்று நாத்தனார் சொன்னாள். அதில் பாராட்டு எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று அம்மா பிரித்துப் பார்க்கவில்லை. அப்பா ஊரிலிருந்து வந்த அன்று விஷயத்தைக் கேட்டுவிட்டு, வெகுநேரம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏழாம் நாள் ஹோட்டல் மேனேஜர் வந்தார். லாண்டரியின் பாதி வேலை அவருடைய மேஜை விரிப்புகள்தான். மூட்டையைக் கவுண்டரில் வைத்து, எண்பது விரிப்பு கொடுத்தோம், எழுபத்தெட்டுதான் வந்திருக்கிறது என்றார். அம்மா சீட்டை எடுத்து விரித்துக் காட்டி, இரண்டு பேரும் மறுபடி எண்ணிக்கொண்டிருந்தபோது, அவள் உடுப்பை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். அம்மா திரும்பவில்லை. நாற்பத்தொன்று என்று சொல்லிக்கொண்டே விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

இழுத்த கை விட்டுவிட்டது.

நாற்பத்தாறுக்கு வரும்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. விரிப்பை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போனாள். சில்வண்டு முக்காலியில் இருந்தாள். மூட்டை கட்டுகிற ரப்பர் பேண்ட் ஒன்றை விரலில் சுற்றிச் சுற்றி, அது எடுக்க வராமல், விரல் நுனி நீலம் பாய்ந்து கிடந்தது. கண் நிறையத் தண்ணீர். ஒன்றுமில்லை, அவர் போகட்டும் என்றாள்.

மேனேஜர் கவுண்டரைத் தட்டினார். நான் இங்கே நின்றுகொண்டிருக்கிறேன் என்றார்.

“நில்லுங்க சார்,” என்றாள் அம்மா. “பிள்ளைக்கு வலிக்குது.”

கத்தரிக்கோலின் நுனியை உள்ளே விட்டு, தோலில் படாமல் ரப்பரை வெட்டி எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எடுத்தபிறகும் எழுந்திருக்கவில்லை. விரலில் நிறம் திரும்புகிறவரை தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முன்னால் மேனேஜர் தானாகவே எண்ணிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. எண்பது வந்துவிட்டது. இரண்டு விரிப்புகள் வேறு விரிப்புகளோடு ஒட்டிக்கொண்டிருந்தனவாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனார். வாசலில் நின்று, விரல் சரியாகிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் அம்மாவும் பிள்ளையும் மறுபடி குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். வலித்தால் இப்போது என்ன செய்வாய் என்று டீச்சர் கேட்டார்.

“அம்மாகிட்ட சொல்லுவேன்,” என்றாள் சில்வண்டு. “சொன்னேன். அம்மா இப்படிப் பண்ணாங்க.” விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். “அப்புறம் அவங்களே வந்துட்டாங்க.”

அம்மா மேஜையைப் பார்த்தாள். மறைக்க ஒன்றும் இல்லை. வரவில்லையென்றால் என்ன செய்திருப்பாய் என்று டீச்சர் கேட்டார். முக்காலியில் உட்கார்ந்திருப்பேன் என்று பதில் வந்தது.

“இன்னொரு தடவை சொல்லணும்,” என்றார் டீச்சர்.

“எத்தனை தடவை?”

“அவங்க கேக்கற வரைக்கும்.”

சில்வண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தே சொன்னாள். “ஆமா. கேக்கற வரைக்கும். யாரு இருந்தாலும்.”

டீச்சர் அதற்குமேல் பிள்ளையை ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடம் பேச ஆரம்பித்தார். கொண்டுவரவேண்டிய சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டை, போட்டோ எத்தனை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். நடுவில் மெல்லிய குரல் ஒன்று டீச்சர் என்றது. அவர் பேச்சை நிறுத்தவில்லை; வேண்டுமென்று நிறுத்தவில்லையா, பழக்கத்தில் நிறுத்தவில்லையா என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. அம்மாவின் கை தானாக உதட்டுப் பக்கம் எழும்பியது. அதைப் பிடித்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

சில்வண்டு நாற்காலியைவிட்டு இறங்கினாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு போனாள். டீச்சருடைய முழங்கையில் ஒரு விரலை வைத்தாள்.

“டீச்சர், எனக்குத் தண்ணி வேணும்.”

டீச்சர் தடுப்பூசி அட்டையிலேயே இருந்தார்.

“டீச்சர்,” என்றாள் சில்வண்டு, இந்தத் தடவை கடையே கேட்கிற குரலில், “நான் உங்ககூடத்தான் பேசிக்கிட்டிருக்கேன்.”

டீச்சர் பாதி வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். ஜாடியிலிருந்து ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, உட்கார்ந்து, பேனாவை எடுத்துக் காலியாக இருந்த கட்டத்தில் ஒரு டிக் போட்டார். வகுப்பு எட்டரைக்கு, முதல் வாரம் மட்டும் பதினோரு மணிக்கே விட்டுவிடுவோம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு அந்த எட்டரையும் பதினொன்றும் காதில் விழவே இல்லை. இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.